இல்லதனை வினாவுதல்

உள்ளதனைக் காட்டுக என்று ஏவினால் எவரும் காட்டுவர். இல்லதனைக் காட்டுக என்று ஏவினால் யாது செய்வர்? நூல்நிலையத்துள் ஒருவனை அழைத்துச் சென்று, "ஈண்டுள்ள நூல்களை எண்ணுக" என்றால் சில நாட்களில் எண்ணி முடிப்பான். "ஈண்டு இல்லாத நூல்களை எண்ணுக" என்றாலோ, "எவற்றுள் இல்லாதவற்றை?" என்று அவன் திருப்பிக் கேட்டல் வேண்டும். கேளாது எண்ணப் புகுவானாயின் அவன் வேலைக்கு முடிவே இல்லை. கணிப்பொறியின் தரவுத்தளங்களில், ஓர் அட்டவணையில் இருந்தும் அதனோடு தொடர்புற்ற மற்றோர் அட்டவணையில் இல்லாது போன வரிகளைக் கண்டறியும் வினவல் ஒன்று உண்டு. அவ்வினவல் முற்றும் இத்திருப்பிக் கேட்டலின்மேலேயே நிற்பது. அதனைக் குறித்துச் சில எழுத விரும்புகின்றேன்.

தமிழ் ஆனர்ஸ் பயிலும் மாணவன் தரவுத்தளத்தைப் பற்றி எழுதப் புகுதல் கொல்லர் தெருவில் ஊசி விற்பதாகும் என்று கணிப்பொறியியல் நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்க. அவர்கள் தெருவுக்கு யான் வலிந்து சென்றேனல்லேன். எட்டுத்தொகையே என்னை அங்கு அழைத்துச் சென்றது. எம் வகுப்பினர் சென்ற ஆண்டு தொகை நூற்பாடல்களை ஒரு தரவுத்தளத்தில் ஏற்றத் தொடங்கினோம். தொகை நூல்களுக்கு ஓர் அட்டவணை, புலவர்களுக்கு ஓர் அட்டவணை, பாடல்களுக்கு ஓர் அட்டவணை என மூன்று வகுத்தோம். பாடல் அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் நூலின் பெயர், பாடலின் எண், பாடினோர் பெயர், பாடலின் மூலம் ஆகியவை அமைந்தன.

இவ்வாறு செய்திகளை அட்டவணைகளாகப் பிரித்து, ஒன்றனை மற்றொன்றனோடு பொதுவானதொரு மதிப்பினால் தொடுக்கும் முறையினை வகுத்தவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய காலத்து, 1970-ஆம் ஆண்டில், அவர் இதனை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். கணக்கியலிற் பயிலும் கணங்களின் சேர்ப்பு, வெட்டு, வேறுபாடு என்பனவற்றையே அவர் அட்டவணைகளுக்கும் ஏற்றி உரைத்தார். அந்நிறுவனத்தினரான சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1974-இல் அம்முறைக்கேற்ற வினவல் மொழியொன்றை அமைத்தனர். அதுவே இன்று எஸ்.க்யூ.எல். என வழங்குவது. 'இன்னது வேண்டும்' என்று கூறுவதன்றி, 'இன்னவாறு தேடுக' என்று கூறாமை இம்மொழியின் இயல்பு. தேடும் வழியினைப் பொறியே தேர்ந்து கொள்ளும். ஆதலின் கேட்பவன் தன் வினாவைப் பிழையறச் சொல்லக் கடமைப்பட்டவன்.

எம் முதல் வினா மிக எளியது: தொகை நூல்களுள் கிடையாது போன பாடல்கள் எவை? பாடல் அட்டவணையை மட்டும் நோக்கி இதனைக் கேட்டல் இயலாது. என்னை? கிடையாத பாடலுக்கு அவ்வட்டவணையில் வரியே இல்லை. புறநானூற்றுக்கு 398 வரிகள் உள. அவை முன்னும் பின்னும் நெருங்கி நிற்கின்றன. எவ்விடத்தும் துளையொன்றும் தோன்றவில்லை. இல்லாமை தன் அடிச்சுவட்டை விட்டுச் செல்வதில்லை. ஆதலின் இருக்கவேண்டுவன எவை என்று உரைக்கும் பிறிதோர் அட்டவணை வேண்டப்படுகின்றது.

அவ்வட்டவணையை நூல்களின் பெயர்களே எமக்கு நல்கின. புறநானூறு என்னும் பெயர் நானூறு என்கின்றது; ஐங்குறுநூறு ஐந்நூறு என்கின்றது; பதிற்றுப்பத்து நூறு என்கின்றது. தொகுத்த சான்றோர் நூலுக்குப் பெயரிட்ட பொழுதே அதன் எண்ணிக்கையையும் அப்பெயருள் வைத்துப் பூட்டிவிட்டனர். ஒன்று முதல் நானூறு வரை எண்களை மட்டும் கொண்ட அட்டவணையொன்றை அமைத்து, அதனை இடப்பக்கத்திலும் பாடல் அட்டவணையை வலப்பக்கத்திலும் நிறுத்தி, எண்ணோடு எண்ணைப் பொருத்துமாறு ஏவினோம். இதனை லெப்ட் ஜாயின் என்பர். இடச்சார்பு இணைப்பு என்று யாம் பெயரிட்டுக் கொண்டோம். இடப்பக்கத்து வரிக்கு வலப்பக்கத்தில் துணை கிடைத்தால் இரண்டும் ஒரு வரியாகும். துணை கிடையாதொழியினும் இடப்பக்கத்து வரி கைவிடப்படாது. அதன் வலப்பக்கம் முழுவதும் வெற்றிடமாக நிற்கும். பின்னர், வலப்பக்கத்துப் பாடல் எண் வெற்றிடமாக உள்ள வரிகளை மட்டும் வடித்தெடுத்தால் வேண்டிய விடை வந்துவிடும்.

ஈண்டு நுட்பம் இரண்டு உள. ஒன்று, வெற்றிடமா என்று சோதிக்கும் பத்தி எஞ்ஞான்றும் நிரம்பியிருத்தற்கு உரியதாதல் வேண்டும். பாடினோர் பெயர்ப் பத்தியைச் சோதித்தால், பாடல் இருந்தும் பாடியவர் பெயர் தெரியாதனவும் காணாமற் போனவற்றோடு கலந்து வரும். மற்றொன்று, 'புறநானூறு மட்டும்' என்னும் வரையறையை இணைக்கும் பொழுதே கூறவேண்டும். இணைத்து முடித்த பின் கூறலாகாது. இணைத்தபின் பாடல் அட்டவணையின் நூற்பெயர் புறநானூறாக இருத்தல் வேண்டும் என்று விதித்தால், அப்பெயரே வெற்றிடமாக நிற்கும் வரிகள், அஃதாவது யாம் தேடிய வரிகள், விலக்கப்பட்டுவிடும். வாயிலில் நின்று 'உடையோரே உள்ளே வருக' என்று கூறிவிட்டு உள்ளே இல்லாதவரைத் தேடுவது போன்றது அது.

வந்த விடை இருபத்தைந்து வரிகள். புறநானூற்றில் 267, 268, நற்றிணையில் 234, ஐங்குறுநூற்றில் 129, 130, பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்துமாக இருபது. இவை தமிழ் பயில்வார் அறிந்த செய்திகளே. புதிதாக ஒன்றும் கண்டுபிடித்தோமல்லேம். ஆயினும் திரையில் எண் ஒருபுறமும் வெறுமை மறுபுறமுமாக அவை ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றபொழுது வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார்கள். இன்றும் அந்நூலின் பதிப்புகளில் 266-ஐ அடுத்து 269 வருகின்றது. இடையிலுள்ள இரண்டெண்களும் இடம் விட்டே நிற்கின்றன. கிடைத்தவற்றை ஒன்று முதல் 398 வரை இடையறவின்றி எண்ணி முடித்திருந்தால் பார்வைக்கு அழகாகவே இருந்திருக்கும். தொகையில் இரண்டு குறைவு என்பதை மட்டும் அறிந்திருப்போம். குறைவு எவ்விடத்தது என்பதை எவ்வினவலாலும் அறியோம்.

எத்தனை இல்லை என்பதும் எது இல்லை என்பதும் வெவ்வேறு வினாக்கள் என்பது பரிபாடலால் நன்கு விளங்கும். பரிபாடல் எழுபது என்பது பழைய வழக்கு. முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டு. கழித்தால் நாற்பத்தெட்டு என்னும் எண் வருகின்றது, அவ்வளவே. அவை எழுபதனுள் எத்தனையாவது பாடல்கள் என்று கேட்க எம்மிடம் இடப்பக்கத்து அட்டவணை இல்லை. நூறு ஆடுகளுள் ஒன்று குறைந்ததை எண்ணிக்கை கூறும். ஆயின், தொழுவத்தில் நிற்கும் தொண்ணூற்றொன்பதனையும் முகமறிந்த மேய்ப்பனுக்கே எந்த ஆடு வரவில்லை என்பது தெரியும். லூக்கா நற்செய்தியின் அவ்வுவமையை யான் இப்பொருளில் முன்னர் நோக்கியதில்லை.

இனி, இதே வினாவைப் பிறவாறும் தொடுக்கலாம். 'இவ்வெண்ணுக்குரிய பாடல் அங்கு உளதாகாத வரிகளைத் தருக' என்பது ஒரு முறை. நாட் எக்ஸிஸ்ட்ஸ் என்பது அதன் பெயர். தமிழில் நினைத்தபடியே எழுதக்கூடியது என்பதனால் எனக்கு இதன்மேல் விருப்பம் மிகுதி. 'அங்குள்ள பட்டியலில் அடங்காத வரிகளைத் தருக' என்பது மற்றொரு முறை. அது நாட் இன் எனப்படும். செவிக்கு இரண்டும் ஒன்றே போலும். ஆயின் ஒன்றல்ல என்பதைக் கணிப்பொறியியல் பயிலும் மூத்த மாணவர் ஒருவர் எம் அட்டவணையிலேயே காட்டினார்.

அவர் எடுத்துக்கொண்ட வினா, 'புறநானூற்றில் ஒரு பாடலும் பாடாத புலவர் யாவர்?' என்பது. விடையில் அம்மூவனார் வந்தே தீரவேண்டும். நெய்தல் பாடிய அப்பெரும்புலவருக்குப் புறநானூற்றில் பாடல் இல்லை. நாட் எக்ஸிஸ்ட்ஸ் முறையாற் கேட்டபொழுது அம்மூவனாரும் அவர் போன்ற பலரும் வரிசையாக வந்தனர். நாட் இன் முறையாற் கேட்டபொழுது ஒரு பெயரும் வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. திரை வெறுமையாக நின்றது. புறநானூற்றிற் பாடாத புலவரே இல்லை என்று பொறி கூறுவது போலத் தோன்றியது.

காரணம் இது. புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றிற்குப் பாடினோர் பெயர் தெரியவில்லை. அக்கட்டங்களை வெற்றிடமாக, அஃதாவது நல் என்னும் குறியுடையனவாக விட்டிருந்தோம். 'அம்மூவனார் இப்பட்டியலில் அடங்காதவரா?' என்று கேட்டால், பொறி பட்டியலின் ஒவ்வொரு பெயரோடும் ஒப்பிடுகின்றது. கபிலர் அல்லர், உண்மை. பரணர் அல்லர், உண்மை. ஔவையார் அல்லர், உண்மை. வெற்றிடம் வரும்பொழுது, 'அஃது எவரோ அறியேன். அம்மூவனாராகவும் இருக்கலாம்' என்று நிற்கின்றது. எல்லாம் உண்மையானாலன்றி அவரை அடங்காதவர் என்று கூறலாகாது. ஓர் 'அறியேன்' வந்தமையின் முழு விடையும் 'அறியேன்' ஆகின்றது. உறுதியாக உண்மை என்றவற்றை மட்டுமே விடையிற் காட்டுதல் பொறியின் வழக்கம். ஆதலின் அம்மூவனார் விடுபட்டார். ஏனையோரும் அவ்வாறே விடுபட்டனர். உண்மை, பொய் என்னும் இரண்டோடு அறியாமையையும் மூன்றாவதாகக் கொண்ட அளவை முறை இது. பொறி பொய் கூறவில்லை, நேர்மையாகவே நடந்தது. ஆயின் 'அறியேன்' என்பதும் 'இல்லை' என்பதும் அதன் திரையில் ஒரே வெறுமையாகத் தோன்றுகின்றன.

இஃது ஏட்டளவில் நிற்கும் புதிரன்று. விடுதியில் என் அடுத்த அறையில் உறையும் நண்பர் ஒருவருக்கு உரிய உதவித்தொகை உரிய காலத்தில் வரவில்லை. அவர் தந்தையார் கடற்றொழில் செய்பவர். அத்தொகை வந்தாலன்றி விடுதிக் கட்டணம் செலுத்த வழியில்லை. அதனை வழங்கும் அலுவலகத்துக்கு மும்முறை சென்றார். மும்முறையும், "தொகை பெறாதவர் ஒருவரும் இல்லை, தம்பி, பட்டியல் எடுத்துப் பார்த்துவிட்டோம்" என்ற மறுமொழியே கிடைத்தது. கூறியவர் மனமறிந்து பொய் கூறினாரல்லர். ஒப்புதல் பெற்ற மாணவர் அட்டவணை ஒன்று. தொகை செலுத்திய அட்டவணை மற்றொன்று. முன்னதில் இருந்து பின்னதில் இல்லாதவரைக் கேட்கும் வினவலை எவரோ நாட் இன் முறையால் எழுதி வைத்திருந்தனர். செலுத்திய அட்டவணையில் ஒரே ஒரு வரியில் மாணவர் எண் எழுதப்படாது வெற்றிடமாகக் கிடந்தது. அந்த ஒற்றை வெற்றிடம் விடுபட்டோர் அனைவரையும் மறைத்துவிட்டது. மேற்கூறிய மூத்த மாணவரே பின்னர் அதனைக் கண்டு வினவலை மாற்றியெழுதினார். மூன்று பெயர்கள் வந்தன. என் நண்பர் பெயர் இரண்டாவது. அதற்குள் அவர் விடுதியை விட்டு ஊருக்குச் சென்று இரண்டு திங்கள் கழிந்திருந்தது. பணம் பின்னர் வந்து சேர்ந்தது. இடையிற் போன பருவத்தேர்வு வரவில்லை.

வெற்றிடம் என்னும் ஒரே குறிக்குள் பல பொருள்களை அடைத்து வைத்தமையே இவ்வல்லல்களின் வேர் என்பது என் கருத்து. 'பாடியவர் உளர், பெயர் தெரிந்திலது' என்பது ஒன்று. 'இதற்குப் பெயர் என்பதே பொருந்தாது' என்பது மற்றொன்று. 'இன்னும் எழுதவில்லை' என்பது வேறொன்று. பழைய பதிப்பாசிரியர் பாடலின் அடியில் 'பெயர் தெரிந்திலது' என்று சொல்லாலேயே எழுதினர், வெறுமனே விட்டாரல்லர். காட் அவர்களும் 1990-இல் வெளியிட்ட நூலில், இருந்தும் தெரியாத வெற்றிடம், பொருந்தாமையால் வந்த வெற்றிடம் என இருவகைக் குறிகள் வேண்டும் என்று கூறியுள்ளார். அக்கருத்து எஸ்.க்யூ.எல். வழக்கில் ஏற்கப்படவில்லை.

வினவலைத் தலைகீழாகத் திருப்பிக் கேட்டபொழுது வேறொரு வேடிக்கை நிகழ்ந்தது. பாடல் அட்டவணையில் பெயர் இருந்தும் புலவர் அட்டவணையில் இடம்பெறாதவர் யாவர் என்று கேட்டோம். புலவர் பெயர் ஒவ்வொன்றையும் முன்னரே ஏற்றியிருந்தமையின் ஒருவரும் வரலாகாது. வந்தவரோ ஒளவையார்! சங்கப் பாடல்கள் 59 பாடியவர். அவற்றுள் 33 புறநானூற்றின. அவரையா விட்டுவிட்டோம் என்று புலவர் அட்டவணையைத் திறந்து நோக்கினால் அங்கு ஔவையார் வீற்றிருக்கின்றார். இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்துக் கண்ணால் நோக்கின் வேற்றுமை தோன்றுவது அரிது. பொறிக்கோ அவை வேறு. ஓரிடத்தில் ஔகாரம் என்னும் உயிரெழுத்து ஒன்று. மற்றோரிடத்தில் ஒகரமும் ளகரமும் ஆகிய இரண்டெழுத்து. தட்டச்சு செய்வார் பலர் கைப்பழக்கத்தால் இவ்வாறு செய்வது வழக்கம்; இணையத்துள்ள தமிழ் மூலங்களிலும் இரண்டு வடிவும் கலந்தே கிடக்கின்றன. இவற்றோடு இலக்கணம் உடன்படும் போலியாகிய அவ்வையார் என்னும் வடிவும் சேர்ந்தால் ஒருவரே மூவராகிவிடுவர். 'மாத்திரை எண்ணி எழுத்தை அறியும் பயிற்சி எதற்கு உதவும்?' என்று வினவும் அறிவியல் வகுப்பு நண்பர்களுக்கு இதனைக் காட்டலாம் என்று எம் பேராசிரியர் புன்முறுவலோடு கூறினார். புலவர் அட்டவணையில் இல்லாத பெயரைப் பாடல் அட்டவணையில் ஏற்றவே விடாத காவலொன்றும் தரவுத்தளங்களில் உண்டு. அதனை இப்பொழுது இட்டுவிட்டோம்.

இல்லாமையை அறிதற்கு ஒரு தனி வழி வேண்டும் என்பதை நம் முன்னோரும் எண்ணியுள்ளனர். மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைவாதி எண்ணும் அளவைகள் பத்தனுள் அபாவமும் ஒன்று. கண்ணாற் காண்டல் ஓர் அளவையாயின், காணாமையால் ஒன்று இல்லையெனத் துணிதல் பிறிதோர் அளவை. தருக்க நூலாரும் வெறும் இன்மை என்று ஒன்றில்லை, இன்னதன் இன்மை என்றே கூறவேண்டும் என்பர். யாம் இடப்பக்கத்தில் வைத்த எண் அட்டவணை அந்த 'இன்னதன்' என்பதே.

பொறியின் துணையின்றி இவ்வினவலைத் தம் வாழ்நாளில் நிகழ்த்திக் காட்டியவர் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள். 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்னும் அவரது நூல், உரையாசிரியர்களும் பிறரும் பெயர் குறித்த நூல்களை ஒருபுறம் வைத்து, நம் கையிலுள்ளவற்றை மறுபுறம் வைத்து, துணை கிடையாதவற்றை எழுதி வைத்த பட்டியலே. உரைகளை எல்லாம் அடியடியாகப் படித்தாலன்றி அதன் இடப்பக்கம் நிரம்பாது. எம் ஒரு மாலைப்பொழுது வேலையோடு அவ்வுழைப்பை ஒப்பிட நாணுகின்றேன்.

இவ்வாண்டு யாமும் அத்தகைய அட்டவணையொன்று தொடங்கியுள்ளோம். இறையனார் களவியல் உரை குறிக்கும் முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை ஆகியவை முதலில் ஏறிவிட்டன. அவற்றின் வலப்பக்கம் எப்பொழுதும் வெற்றிடமாகவே இருக்கும். இடர்ப்பாடு முத்தொள்ளாயிரத்தில் எழுந்துள்ளது. புறத்திரட்டால் நமக்குக் கிடைத்த வெண்பாக்கள் 108. மூவேந்தர்க்கும் சேரத் தொள்ளாயிரம் என்பார் சிலர். ஒவ்வொருவர்க்கும் தொள்ளாயிரமாக 2700 என்பார் சிலர். முன்னவர் கூற்றைக் கொண்டால் விடையில் 792 வரிகள் வரும். பின்னவர் கூற்றைக் கொண்டால் 2592 வரும். எத்தனை எண்களை இடுவது என்பதில் வகுப்பு இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கின்றது. யான் தொள்ளாயிரம் என்பார் பக்கம். அடுத்த வாரம் மீண்டும் கூடுகின்றோம்.